தாளும் மலையும்

நீலகிரி மாவட்டத்தில், உதகமண்டலத்திற்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டருக்கு அப்பால், குந்தா மலைத்தொடரை ஒட்டி அவலாஞ்சி என்னும் இடம் அமைந்துள்ளது. சோலைக்காடுகளும் புல்வெளிகளும் சூழ்ந்த அவ்விடத்தே பெரியதொரு நீர்த்தேக்கமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மலையின் ஒரு பகுதி பெயர்ந்து சரிந்ததாகக் கூறுவர். பெருஞ்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பின்னர் அவ்விடத்தின் பெயராகி, தமிழ் மக்கள் நாவில் அவலாஞ்சி என வழங்கலாயிற்று. சரிவினாற் பெயர் பெற்ற அவ்விடம், வடிவ கணிதம் பயிலும் மாணவர்க்கு அரியதொரு பாடத்தைக் கற்பிக்க வல்லது. தாளில் கிடக்கும் உருவம் வேறு. உலகில் நிற்கும் உருவம் வேறு. ஒன்றைக் கண்டு மற்றொன்றை உணரக் கற்றலே வடிவ கணிதத்தின் பயன் என்பதே அப்பாடம்.

சதுரம், செவ்வகம், முக்கோணம், வட்டம் என்பன தள உருவங்கள். அவற்றிற்கு நீளமும் அகலமும் உண்டு, உயரம் இல்லை. கனசதுரம், கனச்செவ்வகம், உருளை, கூம்பு, கோளம் என்பன திண்ம உருவங்கள். அவை நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று அளவுகளும் உடையன. இடத்தை அடைத்து நிற்பன. முன்னவை இருபரிமாணம் உடையவை என்றும், பின்னவை முப்பரிமாணம் உடையவை என்றும் நூல்கள் கூறும். தேயிலை அடைக்கும் மரப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டால், அதன் முகங்கள் ஆறு, விளிம்புகள் பன்னிரண்டு, முனைகள் எட்டு. முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளின் எண்ணிக்கையைக் கழித்து, முகங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் 2 என்னும் எண் வரும். சதுர அடியை உடைய பிரமிடுக்கு முனைகள் 5, விளிம்புகள் 8, முகங்கள் 5. அதற்கும் அதே கணக்கின்படி 2 என்னும் எண்ணே வரும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் கணித அறிஞர் கண்டு கூறிய ஒழுங்கு இது. பெட்டியைக் கையிலெடுத்து விரலால் தொட்டு எண்ணிய சிறுவன் இதனை மறவான். படத்தை மட்டும் பார்த்து எண்ணியவனோ, மறைந்து நிற்கும் விளிம்பை விட்டுவிடுவான்.

இவ்விடத்திலேதான் குறை தொடங்குகின்றது. மாணவர் பலர் பந்தை வட்டம் என்பர். பெட்டியைச் சதுரம் என்பர். இஃது அவர்தம் அறியாமை மட்டுமன்று. கற்பிக்கும் முறையில் உள்ள குறையும் ஆகும். கரும்பலகை தளமானது, புத்தகத்தின் பக்கமும் தளமானது. கனசதுரத்தின் முகம் ஒவ்வொன்றும் சதுரமே. அதனைப் பலகையில் எழுதும்போதோ பக்க முகங்கள் சாய்ந்து இணைகரங்களாகிவிடுகின்றன. செங்கோணம் கூர்ங்கோணமாகத் தோன்றுகின்றது. உண்மையை உணர்த்துவதற்காகப் படம் ஒரு சிறு பொய்யைச் சொல்ல நேர்கின்றது. பொருளை முன்னமே கையாண்டவனுக்கு அப்பொய் தீங்கு செய்யாது. கையாளாதவன் பொய்யையே மெய்யென்று கொள்வான். ஆதலின் திண்மம் முதலில் கைக்கு வருதல் வேண்டும். தளம் பின்னர்த் தாளுக்கு வருதல் வேண்டும்.

நீலகிரியின் பழங்குடியினராகிய தோடர்களின் மரபுவழிக் குடில் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு. மூங்கிலையும் பிரம்பையும் வில்போல் வளைத்துக் கட்டி, மேலே புல் வேய்ந்து அதனை அமைப்பர். அது ஏறத்தாழ 10 அடி உயரமும், 18 அடி நீளமும், 9 அடி அகலமும் கொண்டது. குடிலை முன்னின்று காண்பவன் அதனை வில்வளைவு என்பான். பக்கத்தே நின்று காண்பவன் செவ்வகம் என்பான். மேலிருந்து காணும் பறவைக்கும் அது செவ்வகமே. மூன்று தோற்றங்களும் மெய்யே. ஆயினும் அவற்றுள் எதுவும் தனியே குடில் ஆகாது. மூன்றையும் மனத்துள் ஒன்றாகப் பொருத்தியவனே, நெடுக்கில் பிளந்து கவிழ்த்த பீப்பாய் போன்ற அதன் வடிவத்தை அறிவான். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் என மூன்று படங்களைப் பொறியாளர்கள் இன்றும் தனித்தனியே வரைவது இக்காரணம் பற்றியே. தோடர் பலர் இக்காலத்தில் காரைவீடுகளில் வாழ்கின்றனர் எனினும், பழைய குடில்கள் சில மந்துகளில் இன்றும் உள்ளன. வளைந்த கூரையின் கீழ் வாழக் கற்ற அம்மக்கள் ஏட்டில் வடிவ கணிதம் படித்தவர் அல்லர், கையால் படித்தவர்.

அக்கூரை மற்றோர் உண்மையையும் உணர்த்தும். தட்டையான பாய் ஒன்றை வளைத்தால் அத்தகைய கூரை வடிவம் பெறலாம். மீண்டும் விரித்தால் பாய் தட்டையாகிவிடும். தாளைச் சுருட்டினால் உருளை ஆகும். வட்டத்தின் ஒரு கூறு போல் வெட்டிய தாளைச் சுருட்டினால் கூம்பு ஆகும். ஆனால் எந்தத் தாளைக் கொண்டும் கசங்காமல் கோளம் செய்தல் இயலாது. ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்து மேசைமேல் அழுத்தினால் அது கிழிந்தே படியும். உலக உருண்டையைத் தட்டையான படமாக்கும்போது நேர்வதும் இதுவே. பழைய கடலோடிகளுக்காக வரையப்பட்ட மெர்கேட்டர் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா அதனைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு பரப்புடையது. தாள் எங்கே மெய் பகர்கின்றது, எங்கே பிறழ்கின்றது என்று அறிந்து படிப்பவனே நிலப்படத்தைப் படித்தவன் ஆவான்.

அங்ஙனமாயின் தாள் பயனற்றதோ எனின், அன்று. மலையை ஒருவரும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள இயலாது; நிலப்படத்தை வைத்துக்கொள்ளலாம். 1802-ஆம் ஆண்டில் லாம்டன் என்பார் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை மிக நுட்பமாக அளந்தார். அக்கோட்டின் இரு முனைகளிலிருந்து தொலைவிலுள்ள ஓரிடத்தை நோக்கிக் கோணங்களை அளந்தால், முக்கோணத்தின் ஏனைய பக்கங்களைக் கணக்கினால் அறியலாம். அம்முக்கோணத்தின் பக்கமே அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடு ஆகும். இவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணமாகப் பின்னிச் சென்ற அளவைப் பணி இமயம் வரை எட்டியது. எவரெஸ்டுச் சிகரத்தின் உயரம், அதன்மேல் எவரும் காலடி வைப்பதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, 1856-இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. தள உருவங்களுள் எளியதாகிய முக்கோணம், திண்மங்களுள் பெரியதாகிய மலையை அளந்து தந்தது. ஆதலின் இகழத்தக்கது தாளன்று. தாளோடு நின்றுவிடும் அறிவே இகழத்தக்கது.

மூன்று அளவுடைய மலையை இரண்டு அளவுடைய தாளில் அடக்கும் திறம் சம உயரக் கோடுகளில் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களையெல்லாம் இணைத்து வரையும் கோடே சம உயரக் கோடு. இதன் பொருளை அவலாஞ்சி நீர்த்தேக்கமே விளக்கிக் காட்டும். நீர்ப்பரப்பு எங்கும் ஒரே மட்டத்தில் நிற்பது. ஆகவே நீர் கரையைத் தொடும் ஓரம் முழுவதும் ஒரே உயரத்தில் அமைந்திருக்கும். கோடையில் நீர் வற்ற வற்ற, முன்பு நின்ற மட்டங்களின் தழும்புகள் கரையில் வரிவரியாகத் தோன்றும். அவ்வரிகள் யாவும் இயற்கை தன் கையால் வரைந்த சம உயரக் கோடுகள் அல்லவோ! கரை செங்குத்தாக உள்ள இடத்தில் அவை நெருங்கி நிற்கும். சாய்வு குறைந்த இடத்தில் விலகி நிற்கும்.

இந்திய நில அளவைத் துறையின் 1 : 50,000 அளவுப் படத்தில் 1 சென்டிமீட்டர் என்பது நிலத்தில் அரைக் கிலோமீட்டரைக் குறிக்கும். அடுத்தடுத்த கோடுகளுக்கிடையே பொதுவாக 20 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. இரு கோடுகள் 1 சென்டிமீட்டர் விலகியிருந்தால், 500 மீட்டர் நடந்து 20 மீட்டர் ஏறுதல் வேண்டும், முதியவரும் ஏறலாம். அவை 1 மில்லிமீட்டர் மட்டுமே விலகியிருந்தால், 50 மீட்டர் தொலைவுக்குள் 20 மீட்டர் ஏறுதல் வேண்டும். இளைஞரும் மூச்சு வாங்குவர். தாளில் ஒரு சிறு நெருக்கம். நிலத்தில் அதுவே நெடுஞ்சரிவு. கோடுகளின் நெருக்கத்தைக் கண்டதும் உள்ளத்தே மலை எழுந்து நிற்குமாயின், அம்மாணவன் தளத்திலிருந்து திண்மத்திற்கு ஏறக் கற்றவன் ஆவான்.

இக்கல்வி தேர்வுக்கு மட்டும் உரியதன்று. மலைநாட்டில் வாழ்வாரின் உயிரோடும் உடைமையோடும் தொடர்புடையது. பத்திரங்களிலும் நில அளவைப் படங்களிலும் குறிக்கப்படும் பரப்பு, மேலிருந்து நேர்கீழாக நோக்கியபோது கிடைக்கும் தளப்பரப்பே. படத்தில் 400 மீட்டர் நீளமாகத் தோன்றும் நிலம் 300 மீட்டர் உயரம் ஏறுமாயின், சரிவின்மேல் அதன் நீளம் 500 மீட்டர். செங்கோண முக்கோணத்தின் கணக்கு இது. தாளில் 4 ஏக்கர் எனக் காணும் அந்நிலத்தின் சாய்ந்த மேற்பரப்பு 5 ஏக்கர் ஆகும். அஃதன்றி, வீடு கட்டத் தட்டையான மனை வேண்டுவோர் அச்சரிவைச் செங்குத்தாக வெட்டுதல் வேண்டும். எத்தனை கன மீட்டர் மண்ணை அகற்றுவது, மேலே நிற்கும் மண்ணை எது தாங்குவது என்னும் வினாக்கள் தாளில் தோன்றா. செவ்வகமாகக் காணும் மனை, நிலத்தில் ஓர் ஆப்பு வடிவத் திண்மமாக நிற்கின்றது.

மணற்குவியல் இதனைத் தெளிவாகக் காட்டும். உலர்ந்த மணலைக் கையிலிருந்து மெல்லச் சொரிந்தால் அது கூம்பாகக் குவியும். மேலும் சொரிந்தால் கூம்பு பெருக்குமேயன்றி அதன் சாய்வு மிகாது. அது பெரும்பாலும் 30 பாகையை ஒட்டியோ அதற்குச் சற்று மேலாகவோ நின்றுவிடும். அக்குவியலின் அடியில் ஒருபுறத்தை வெட்டினால், வெட்டாத மேற்புறமும் சரிந்து விழும். மலைமண்ணும், வேர்களும் பாறையும் பிணித்திருப்பினும், தன் எல்லை கடந்தால் இந்நெறிக்கு உட்பட்டதே. மழைநீர் உட்புகுந்து மண்ணின் பாரத்தை மிகுவித்து, துகள்களின் பிடிப்பைத் தளர்த்தும்போது சரிவு நிகழ்கின்றது. 2009-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நீலகிரியில் நேர்ந்த மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெருமழை அதற்கு முதற்காரணம். சரிவுகளை வெட்டியதும், நீர் வடியும் வழிகளை அடைத்ததும் மலையில் சரிவு நேர்தற்கு ஏதுவாகும் என்பதும் அறிஞர் பலகாலும் கூறிவருவதே.

மழையின் அளவையும் தளமறிவோடு நிற்பவர் பிழைபட உணர்வர். மழை சென்டிமீட்டரில் கூறப்படுகின்றது. அஃது ஒரு நீளம் மட்டுமே. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை பெய்தது. 80 சென்டிமீட்டர் என்பது ஒரு சிறுவனின் இடுப்பளவு, கேட்பதற்குச் சிறிதே. அந்நீளம் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் நின்றால் 800 லிட்டர் நீராகும். ஒரு சதுரக் கிலோமீட்டரின்மேல் நின்றால் 8 இலட்சம் கன மீட்டர், அதாவது 80 கோடி லிட்டர் ஆகும். அதன் எடை 8 இலட்சம் டன். 10,000 லிட்டர் கொள்ளும் வண்டிகளில் ஏற்றினால் 80,000 வண்டிகள் வேண்டும். இத்துணையும் ஒரே ஒரு சதுரக் கிலோமீட்டரின்மேல் ஒரே நாளில் இறங்கிய பாரம். நீளம் பரப்பைத் தொட்டுக் கன அளவாக வளரும் விந்தையை உணர்ந்தவனே, சாலைகள் ஏன் அறுந்தன, சரிவுகள் ஏன் பெயர்ந்தன என்பதை உணர்வான்.

இனி, பெய்த நீர் தேங்கும் இடத்தை நோக்குக. குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகளுள் அவலாஞ்சி அணையும் ஒன்று. கொழும்புத் திட்டத்தின் வழியாகக் கனடா நாட்டின் உதவியோடு நிறைவேறிய திட்டம் அது. அணையில் நீர்மட்டம் பாதியாகக் குறைந்தது என்ற செய்தியைக் கேட்டால், நீரும் பாதி உளது என்றே பலர் எண்ணுவர். கடலைப் பொட்டலம் ஒன்று அவர்தம் பிழையைத் திருத்தும். கூம்பாகச் சுருட்டிய பொட்டலத்தில் பாதி உயரம் வரை கடலை இருந்தால், அது முழுப் பொட்டலத்தில் பாதியன்று; எட்டில் ஒரு பங்கே. உயரம் பாதியாகும்போது அகலமும் பாதியாகின்றது. மற்றைக் குறுக்களவும் பாதியாகின்றது. பாதியில் பாதியின் பாதி எட்டில் ஒன்று அன்றோ! மலைப்பள்ளத்தாக்கும் அடியில் குறுகி மேலே விரிவது. அங்கே மட்டம் பாதியாகக் குறைந்தால் எஞ்சிய நீர் பாதிக்கும் மிகக் குறைவே. இதனை அறிந்த மக்கள் நீரைச் சிக்கனமாகச் செலவிடுவர்; அறியாதவர், பாதி இருக்கின்றது என்று அயர்ந்திருப்பர்.

இத்துணைப் பயனுடைய அறிவை எளிதில் பெறுதற்கு இக்காலத்தே கணிப்பொறித் திரை உண்டு. திண்மங்களைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டும். கையால் செய்து பார்க்கும் தொல்லை எதற்கு எனச் சிலர் கேட்பர். திரை நல்ல துணையே. எனினும் திரையும் ஒரு தளமே என்பதை மறத்தலாகாது. அதில் சுழலும் கனசதுரத்திற்கு எடையில்லை. அதன் விளிம்பு விரலை உறுத்தாது. அதன் மறுபக்கத்தைத் தடவிப் பார்க்கவும் இயலாது. தொட்டு அறிந்தவனுக்குத் திரை நினைவூட்டும். தொடாதவனுக்கு அஃது இன்னுமொரு படமேயாகும். வேறு சிலர், வாய்பாடுகளை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைக்குமே என்பர். மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் பரப்பின் வாய்பாட்டைக் கன அளவுக்கு எழுதிவிட்டு, விடை பிழையென்பதையும் அறியாமல் நிற்பவன் அவ்வாறு படித்தவனே. கன அளவின் விடையைச் சதுர மீட்டரில் எழுதுபவன், நீரைப் படியால் அளவாமல் முழக்கோலால் அளக்க முற்பட்டவனை ஒப்பான்.

செய்து பார்த்தற்கு வேண்டும் பொருள்களோ மிக எளியன. நீலகிரியில் விளையும் கேரட்டு ஒன்றும் உருளைக்கிழங்கு ஒன்றும் போதும். கேரட்டைக் குறுக்கே வெட்டினால் வட்டம் தோன்றும்; சாய்த்து வெட்டினால் நீள்வட்டம் தோன்றும்; நெடுக்கே நடுவில் பிளந்தால் கூரிய முக்கோணம் போன்ற முகம் தோன்றும். ஒரே கூம்பினுள் பல தள உருவங்கள் ஒளிந்திருத்தலை மாணவர் தம் கண்ணாற் காண்பர். உருளைக்கிழங்கை இரண்டாகப் பிளந்து, வெட்டிய முகம் கீழாக ஒரு கிண்ணத்தில் வைத்து, மிதவாதபடி பிடித்துக்கொண்டு, ஒரு விரற்கடை உயரம் நீர் ஊற்றி, நீர் தொடும் வரம்பைக் கூரிய குச்சியால் கீறுதல் வேண்டும். மீண்டும் ஒரு விரற்கடை ஊற்றி மீண்டும் கீறுதல் வேண்டும். பின்பு கிழங்கை மேலிருந்து நோக்கி அக்கோடுகளைத் தாளில் வரைந்தால், அதுவே அம்மலையின் நிலப்படம். வரைந்த படத்தை மற்றொரு மாணவனிடம் தந்து, கிழங்கைக் காணாமலே களிமண்ணால் அம்மலையைச் செய்யச் சொல்லுதல் வேண்டும். இருவர் மலைகளும் ஒத்திருப்பின் இருவரும் வடிவ கணிதம் கற்றவராவர். திண்மத்திலிருந்து தளத்திற்கு இறங்கவும், தளத்திலிருந்து திண்மத்திற்கு ஏறவும் அறிதலே இக்கல்வியின் இரு படிகள்.

நாளை இம்மாணவருள் ஒருவர் சாலை அமைக்கலாம். ஒருவர் வீட்டுமனைக்கு ஒப்புதல் வழங்கலாம். ஒருவர் தம் பெற்றோரின் தோட்டத்தில் வரப்பு வெட்டலாம். அவர் கையில் அப்பொழுதும் ஒரு தாளே இருக்கும். அதில் சில கோடுகளே இருக்கும். அக்கோடுகளைக் கோடுகளாக மட்டும் காண்பாராயின், சரிவின் அடியை வெட்டவும் நீரின் வழியை அடைக்கவும் தயங்கார். அவற்றினூடே மலையைக் காண்பாராயின், எங்கே வெட்டலாம், எங்கே வெட்டலாகாது என்பதை மண் சரியுமுன்னரே அறிவார். அவலாஞ்சி என்னும் பெயரிலேயே ஒரு சரிவின் நினைவு உறைந்திருக்கின்றது. அப்பெயரை நிலப்படத்தில் படிக்கும்போதெல்லாம், தாளின் பின்னே மலை நிற்கின்றது என்பதை மாணவர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.